சுட்ட ஈரல்

மதுரையில் ஊசிமருந்து ஏற்றிக்கொண்டு வந்த பிறகு அப்பாவுக்கு எதுவுமே வாயில் வைக்க முடியவில்லை. சோறு மண் மாதிரி இருக்கிறது என்றார். தண்ணீர் குடித்தால் துரு வாடை அடிக்கிறது என்றார். அம்மா கஞ்சி, இட்லி, ரசம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தாள். இரண்டு வாய் வாங்கிவிட்டு, "போதும், எடு" என்பார். அப்படியிருந்தவர் ஒரு சனிக்கிழமை சாயந்திரம், சுவரைப் பார்த்துப் படுத்தபடியே, "நாளைக்கு ஞாயித்துக்கிழமதான? கோழி எடுத்தா என்ன?" என்று கேட்டார்.

அம்மா அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தாள். "என்ன கேட்டாக? கோழியா கேட்டாக?"

அவளுக்குச் சந்தோஷம். எனக்குப் பயம்.

நான் அருப்புக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஊர்க்காரர்களின் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, உருப்பெருக்கியில் வைத்து, அணுக்களை எண்ணுவது என் பிழைப்பு. அப்பாவுக்கு வந்திருப்பது ரத்தப் புற்றுநோய். ஏற்றுகிற மருந்து கெட்ட அணுக்களைக் கொல்லும்போது, கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்களையும் சேர்த்துக் கொன்றுவிடும். அந்த நாட்களில் நமக்கு ஒரு வயிற்றுப்போக்கோடு போகிற கிருமி, அவரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிடும். டாக்டர் எங்களிடம் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். எடை இதற்கு மேல் இறங்கினால் அடுத்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். புதன்கிழமை வரச் சொல்லியிருந்தார்.

ஆக, அப்பா சாப்பிட்டே ஆக வேண்டும். அதே சமயம் சாப்பாடு வழியாக எதுவும் உள்ளே போய்விடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்தக் கோழி வந்தது.

கறி கொடுக்கலாமா என்று நான் முன்பே டாக்டரிடம் கேட்டிருந்தேன். "தாராளமாக் குடுங்க. உள்ள சிவப்பு இருக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றிருந்தார். அவருக்கு அது ஒரு வரி. எனக்கு அது கடையில் தொடங்கி தட்டில் முடிகிற நீளமான பட்டியல்.

காலையில் வெயில் ஏறுவதற்குள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக இருக்கும், ஆனால் அன்றைக்குத்தான் சரக்கு தேங்காமல் ஓடும். கூட்டமில்லாத கடையில், தட்டில் காத்துக் கிடக்கிற கறிக்குத்தான் நான் பயப்படுவேன். நாட்டுக்கோழி வேண்டாம், கறிக்கோழிதான் என்பதையும் முடிவு செய்திருந்தேன். அப்பாவுக்கு வாயெல்லாம் புண். நாட்டுக்கோழியை மெல்ல அவரால் முடியாது.

"அண்ணே, தட்டுல கெடக்கிறது வேண்டாம். உசுரோட எடுத்து என் கண்ணு முன்னாடி அறுங்க."

"தட்டுல கெடக்கிறதும் இப்ப அறுத்ததுதான் தங்கச்சி."

"இப்பன்னா எப்ப?"

"இப்பன்னா இப்பதான்" என்றார் கடைக்காரர். தட்டின் ஓரத்தில் ரத்தத் தண்ணீர் தேங்கி, துண்டுகளின் விளிம்பு காய்ந்து நிறம் மாறியிருந்தது. நான் கூண்டுப் பக்கம் குனிந்தேன்.

கோழி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எடையைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் கண்ணைப் பார்ப்பேன். கண் முழுதாகத் திறந்து பளிச்சென்று இருக்க வேண்டும். பாதி மூடிய கண்ணோடு கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு மூலையில் நிற்பது ஆகாது. கொண்டை சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்தோ நீலம் பாரித்தோ இருக்கக் கூடாது. வாயைப் பிளந்து இரைப்பது வெயிலாலும் இருக்கலாம், சளியாலும் இருக்கலாம். எது என்று தெரியாதபோது அதை விட்டுவிடுவதுதான் நல்லது. பின்பக்கத்து இறகில் வெள்ளையாக ஒட்டிக் காய்ந்திருந்தால் அதற்கு வயிறு சரியில்லை. காலை மடக்கி உட்கார்ந்தே கிடந்தால் முட்டியில் புண் இருக்கும். கூண்டிலேயே பெரியதை எடுக்கக் கூடாது, அதில் கொழுப்புதான் கூடுதல்.

ஒவ்வொன்றின் முகத்தையும் நான் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்குப் பின்னால் நின்றவருக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணே, தங்கச்சி மாப்பிள்ளை பாக்க வந்திருக்கு போல. நல்லாத் திருப்பிக் காட்டு."

"சாதகமும் பாக்கணுமா தங்கச்சி?" என்றார் கடைக்காரர்.

"வீட்டுல ஒடம்பு சரியில்லாதவுகளுக்கு அண்ணே. கத்தியையும் கட்டையையும் ஒரு தடவ கழுவிருங்க."

அதற்குப் பிறகு அவர் கேலி பேசவில்லை. வாளித் தண்ணீரை ஊற்றிக் கட்டையைத் தேய்த்துக் கழுவினார். இறகு பிடுங்க முக்கி எடுக்கிற சுடுதண்ணீரில் என் கோழியைப் போட வேண்டாம் என்றேன். காலையிலிருந்து எத்தனையோ கோழி முங்கிய தண்ணீர் அது. இறகோடு சேர்த்துத் தோலையே உரித்துக் கொடுத்தார். குடல் எடுக்கும்போது பித்தப்பை உடையாமல் பார்த்துக்கொண்டேன். உடைந்தால் பச்சையாகக் கறை பிடித்து அந்த இடமே கசக்கும். நெஞ்சுக்கறியை விரலால் அமுக்கிப் பார்த்தேன். குழி விழாமல் எழும்பி வந்தது. இளஞ்சிவப்பு நிறம், கையில் வழவழப்பு ஒட்டவில்லை, வாடை இல்லை. தூக்குவாளியில் போட்டு மூடி, வேறெங்கும் நிற்காமல் வண்டியை வீட்டுக்கு விட்டேன். ஒரு வேலையைச் சரியாகச் செய்த நிம்மதி வந்தது. வீட்டு வாசல் வரைக்கும் அது இருந்தது.

கொல்லையில் வேப்பமரத்தடியில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கோழி, உயிரோடு. அதன் இறகை விலக்கி, வாயைக் குவித்து, ஊதி ஊதித் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பரளச்சி அத்தை, அப்பாவின் அக்கா, இடுப்பில் கை வைத்து நின்றாள். காலடியில் காலியான ஒயர்கூடை.

"நல்லா ஊதிப் பாருலே தம்பி. மஞ்சளாக் கொழுப்பு நிக்கிது பாரு. இன்னும் முட்டைக்கே வரல. விடக்கோழி."

எங்கள் பக்கம் சீக்காளியைப் பார்க்க வருகிற நெருங்கிய உறவு கோழியோடுதான் வரும். பழமும் ரொட்டியும் மற்றவர்கள் கொண்டு வருவது. கூடப் பிறந்தவள் பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, உயிருள்ள கோழியாகத்தான் கொண்டு வருவாள். அதில் மரியாதை இருக்கிறது. அதைக் கையில் வாங்குகிறவர் எடை பார்த்து, ஊதிப் பார்த்து, "நல்ல கோழி" என்று சொல்லியாக வேண்டும். அப்பா அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

"அப்பா, அதக் கீழ விடுங்க. விடுங்கப்பா."

அவர் கோழியை விட்டார். நான் சோப்பையும் தண்ணீரையும் கொண்டுவந்து கையைக் கழுவவைத்தேன். முகத்தையும் கழுவவைத்தேன். சட்டையை மாற்றச் சொன்னேன்.

"ஏத்தா, கோழியத் தொட்டதுக்கா இம்புட்டுக் குளிப்பாட்டுற?" என்றாள் அத்தை. அப்புறம் என் தூக்குவாளியைத் திறந்து பார்த்தாள். "இது என்ன, ஊசிக் கோழியா? ஏற்கெனவே அவன் ஒடம்பு பூராம் ஊசி. அதுக்கு மேல இது வேறயா?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து வெகு நாளாகியிருந்தது. அதனால் கறிக்கோழியைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வந்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டேன். அம்மாதான் தீர்ப்புச் சொன்னாள். "ரெண்டையும் வைப்போம் மதினி. ஒங்க கோழிய சாறு வப்போம். இவ கோழியக் குழம்பு வப்போம். அவுகளுக்கு எது எறங்குதோ எறங்கட்டும்."

அடுப்படியை நான் எடுத்துக்கொண்டேன். கறியைக் குழாயடியில் பிடித்துக் கழுவினால் தண்ணீர் தெறித்துப் பாத்திரமெல்லாம் படும், கழுவாமலே வேகவைத்தால் போதும் என்று நான் சொன்னதை அம்மா ஒரு பைத்தியக்காரியின் பேச்சைக் கேட்பது போலக் கேட்டாள். கடைசியில் கொல்லை ஓரத்தில் ஒரு வாயகன்ற பாத்திரத்தில், தெறிக்காமல், மஞ்சள் போட்டு அலசுவது என்று சமாதானமானோம். வெங்காயத்துக்கு ஒரு கத்தி, கறிக்கு வேறொன்று. மிளகாயைக் குறைத்து, மல்லியும் சீரகமும் கொஞ்சம் மிளகும் வறுத்து அரைத்தேன். சின்ன வெங்காயம் நல்லெண்ணெயில் வதங்கி நிறம் மாறியதும் கறியைப் போட்டேன். அது தன் தண்ணீரை விட்டு, அந்தத் தண்ணீர் சுண்டிய பிறகுதான் மசாலாவை ஊற்றினேன். இறக்கியதும் மேலே பச்சைக் கொத்துமல்லி தூவ வந்த அம்மாவின் கையைப் பிடித்தேன். அதுவும் கொதிக்கட்டும் என்றேன். தொடைத் துண்டு ஒன்றை எடுத்து, எலும்போரம் பிட்டுப் பார்த்தேன். ரத்தச் சிவப்பு இல்லை. வடிந்த சாறு தெளிவாக இருந்தது. இருந்தும் இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டேன்.

வெளியே அத்தை தன் கோழியை அறுத்து, இறகு பிடுங்கி, மஞ்சள் தடவி, கருவேல மிளாறு எரித்த தீயில் வாட்டிக்கொண்டிருந்தாள். இறகு கருகுகிற வாடை ஜன்னல் வழியாக வந்தது. கொஞ்ச நேரத்தில் அம்மா வெட்டிய கறியைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். வழக்கம்போல நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குக்கரில் போட்டேன். கழுத்து, கல்லீரல் என்று நாங்கள் சொல்லும் கெட்டியான இரைப்பை, இதயம். ஈரலைக் காணவில்லை.

"அம்மா, ஈரல் எங்க?"

"அதுல கெடக்கும் பாரு."

"இல்ல."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் ஜன்னலில் வேறொரு வாடை வருவதைக் கவனித்தேன். நான் பின்வாசலுக்கு ஓடினேன்.

அப்பா தணலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். உதட்டில் கரி. அவர் கையில் ஒரு குச்சி. என்னைக் கண்டதும் அந்தக் கையைப் பின்னால் கொண்டுபோனார். வாய் மட்டும் மென்றுகொண்டிருந்தது.

"என்ன குடுத்தீக அத்தை?"

"ஈரலு. தணல்ல சுட்டு, உப்பத் தொட்டுக் குடுத்தேன்."

"உள்ள வெந்துச்சா?"

"ஈரலுன்னா உள்ள கொஞ்சம் ரத்தமாத்தான் இருக்கும். ரொம்பச் சுட்டா ரப்பராப் போயிரும்ல? அதுல என்ன சத்து இருக்கு?"

கோழிக் குடலில் இருக்கிற கிருமி ஈரலுக்குள்ளும் இருக்கும் என்று நான் படித்திருக்கிறேன். மேலே கருகியிருந்தாலும் உள்ளே சூடு ஏறியிருக்காது. குச்சியை வாங்கிப் பார்த்தேன். மிச்சம் எதுவும் இல்லை.

"துப்புங்கப்பா."

"முழுங்கிட்டேன்" என்றார். பிறகு மெதுவாக, "உப்புத் தெரிஞ்சதுத்தா" என்றார். "இத்தன நாளா நாக்குல ஒண்ணும் ஏறல. இது கரியும் உப்புமாத் தெரிஞ்சது."

நான் அத்தையைத்தான் பார்த்தேன். வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. ஆனால் அவள் முந்திக்கொண்டாள்.

"ரத்தம் கம்மின்னுதானத்தா ஒங்கம்மா போன்ல சொன்னா? ரத்தத்துக்கு ஈரல்தானத்தா குடுக்கணும்? சீம்பால் கெடச்சாக்கூடக் கொண்டு வந்திருப்பேன்."

அது உண்மை. எல்லோரிடமும் அம்மா அப்படித்தான் சொல்லியிருந்தாள். ரத்தக் குறைவு, மதுரையில் ரத்தம் ஏற்றுகிறார்கள், சரியாகிவிடும். எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்த நேரம். பெண் கேட்டு வருகிறவர்கள், "அப்பனுக்கு அது இருக்காம்ல, பிள்ளைக்கும் வந்துட்டா?" என்று பேசுவார்கள் என்று அம்மா பயந்தாள். அப்படிப் பரவுகிற நோய் இல்லை இது என்று நான் விளக்கினேன். விளக்கினேனே தவிர, அவள் சொன்னதை நானும் யாரிடமும் திருத்தவில்லை.

பின்வாசலில் அம்மா வந்து நின்றிருந்தாள். அப்பாதான் சொன்னார்.

"ரத்தக் குறைவு இல்லக்கா. கேன்சரு."

அத்தை தணலைக் கிளறிக்கொண்டிருந்த குச்சியைக் கீழே வைத்தாள். அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கடைசியாகத் தம்பியைப் பார்த்தாள்.

"ஊருக்குச் சொல்லல, சரி. எங்கிட்டயுமாலே?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் அத்தைக்கு வேகாத கறியில் என்ன இருக்கும், அது அப்பாவுக்கு என்ன செய்யும் என்று சொன்னேன். கத்த நினைத்த எனக்கு, வகுப்பில் பாடம் சொல்வது போன்ற குரல்தான் வந்தது. காய்ச்சல் வராமல் இருந்தால் போதும் என்று முடித்தேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து அப்பாவின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

மதியம் அப்பா குழைந்த சோற்றில் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார். நெஞ்சுக்கறி இரண்டு துண்டு, விரலில் நசுங்குகிற அளவு வெந்தது. சாறும் ஒரு டம்ளர் குடித்தார். இன்னும் கொஞ்சம் என்று கேட்கவும் செய்தார். கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற அவரைப் பார்த்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தை சாப்பிடவில்லை. பசியில்லை என்று சொல்லி, வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மல்லாங்கிணற்றுக்குப் போகிற பஸ்ஸும், அவள் ஊரான பரளச்சிப் பக்கம் போகிற பஸ்ஸும் ஒவ்வொன்றாகப் போயின. அவள் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரிப் பையை எடுத்து வைத்தேன். பரிசோதனைச் சீட்டுகள், துண்டு, மாற்றுச் சட்டை, பிளாஸ்க். வார்டு நம்பரைப் போனில் மேலே கொண்டு வந்து வைத்தேன். தெரு முனையில் இருக்கிற கார்க்காரரிடம், கூப்பிட்டால் வரவேண்டியிருக்கும் என்று சொல்லிவைத்தேன். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது. மறுநாளும் வேலைக்குப் போகாமல், வெப்பமானியை அப்பாவின் அக்குளில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஏத்தா, வெந்துருச்சான்னு என்னையும் குத்திப் பாக்குறியா?" என்றார்.

அத்தைக்கு அந்தக் கருவி மேல் நம்பிக்கையில்லை. நான் பார்த்து முடித்ததும் அவள் புறங்கையால் ஒரு தடவை பார்ப்பாள். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

திங்கட்கிழமை சாயந்திரம் வெப்பமானி கூடுதலாகக் காட்டியது. டாக்டர் சொன்ன அளவைத் தொடவில்லை, ஆனால் அதன் பக்கத்தில் வந்துவிட்டது. வார்டுக்குப் போன் போட்டேன். நர்ஸ், குளிர் நடுக்கம் இருக்கிறதா, வயிறு போகிறதா என்று கேட்டுவிட்டு, "போர்வை கீர்வை போத்தியிருக்கீங்களா?" என்றார். திரும்பிப் பார்த்தேன். அந்தப் புழுக்கத்தில், காற்றாடியை நிறுத்திவிட்டு, கழுத்து வரைக்கும் கம்பளியைப் போர்த்தியிருந்தாள் அத்தை.

"காத்துப் பட்டாக் காச்சல் வருமேன்னுதான்" என்றாள்.

கம்பளியை எடுத்தோம். காற்றாடியைப் போட்டோம். சிறிது நேரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருந்தார் நர்ஸ். அந்தச் சிறிது நேரத்தில் அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அத்தை கம்பளியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். வெப்பம் இறங்கியிருந்தது. அப்பா தூங்கிப்போயிருந்தார்.

செவ்வாய்க்கிழமை, காய்ச்சல் வர மிச்சமிருந்த வாய்ப்புகளை எண்ணிக்கொண்டே கழிந்தது. சில கிருமிகள் ஒரு நாளில் வேலையைக் காட்டும், சில இரண்டு மூன்று நாள் எடுக்கும். படித்தது எனக்கு உதவியதைவிடத் தூக்கத்தைக் கெடுத்ததுதான் அதிகம்.

புதன்கிழமை நாங்கள் நான்கு பேரும் மதுரைக்குப் போனோம். அத்தையை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே காரில் ஏறி உட்கார்ந்தாள். ரத்தம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள். எடை இறங்கவில்லை. வெள்ளை அணுக்கள் மேலே வரத் தொடங்கியிருந்தன. சீட்டை டாக்டர் பார்ப்பதற்குள் நானே பார்த்துவிட்டேன், ஆனாலும் அவர் வாயால் கேட்டால்தான் ஆகும் போலிருந்தது. ஈரல் விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, "இந்தத் தடவ தப்பிச்சீங்க. இனிமே வேண்டாம்" என்றார். அடுத்த ஊசியைக் குறித்த நாளிலேயே போடலாம் என்றார்.

வெளியே நடைக்கூடத்து பெஞ்சில் அப்பாவை உட்காரவைத்தோம். அத்தை என்னை அவள் பக்கத்தில் இழுத்து, "என்னென்ன குடுக்கலாம், என்னென்ன கூடாது, ஒண்ணுவிடாமச் சொல்லு தாயி" என்றாள். சொன்னேன். பச்சைக் கொத்துமல்லி, வெளியில் வாங்கும் சட்னி, அரைவேக்காட்டு முட்டை, காய்ச்சாத பால். அவள் விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். உயிர்க்கோழியைத் தொடக் கூடாது என்றபோது, "தொடக்கூடவா?" என்று ஒரு முறை கேட்டுவிட்டு, அந்த விரலையும் மடக்கினாள்.

அப்போது அவள் போன் அடித்தது. அவளுக்குப் போனில் மெதுவாகப் பேசத் தெரியாது. திருச்சுழியில் இருக்கிற சித்தப்பா, அப்பாவின் தம்பி, ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாகச் சொல்வது எங்களுக்கும் கேட்டது. அம்மா சட்டென்று அத்தையின் முழங்கையைப் பிடித்தாள். அத்தை அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டு பேசினாள்.

"ரத்தக் குறைவு இல்லலே. கேன்சரு. ஆமா, அதான். ஊசி போடுறாக, கேக்குதுன்னு டாக்டரு சொல்றாரு. நீ அழுகாத, அவன் இங்கதான் உக்காந்திருக்கான். பாக்க வா. ஆனா கோழியத் தூக்கிட்டு வந்து அவன் மடியில விடாத, எங்கிட்டக் குடு. நான் அறுத்துக்கிருவேன். இவ சொல்ற மாதிரி வேக வச்சுக்கிருவேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா பெஞ்சில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"சாயந்திரத்துக்குக் கோழிச் சாறு மிச்சமிருக்கா?" என்று கேட்டார்.

அது ஞாயிற்றுக்கிழமைச் சாறு. அன்றைக்கே கொட்டிவிட்டேன் என்றேன். போகிற வழியில் அந்தக் கறிக்கடை திறந்திருக்குமா என்று யோசிக்கத் தொடங்கினேன்.